முறையாகப் பயிலாத ஒருவர்

முறையாக என்கிற சொல்லில்தான் சிக்கிக்கொண்டது. மற்றதையெல்லாம் தில்லைநாயகி எப்படியோ விழுங்கிவிட்டாள். குரோம்பேட்டையில் பதினொன்று நாற்பது மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து, பெரிய அட்டை ஃபைலை மடிமேல் குறுக்கே வைத்து, அதன்மேல் அந்தத் தாளை விரித்து நாலாவது தடவையாகப் படித்தாள். ‘சென்ற இதழில், முறையாக ஓவியம் பயிலாத ஒருவரின் அறியாமையால், குருக்கள் இடது கையால் விபூதி கொடுப்பதுபோல் படம் வெளியாகிவிட்டது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.’ அவ்வளவுதான், மூன்றே வரி. கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் ‘சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்து அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. காலையில் கிருபாகரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஸ்டேஷன் வாசல் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் தொடர்கதைக்குப் படம் வரைகிற வாரப் பத்திரிகையில் படங்களுக்குப் பொறுப்பான கிருபாகரன் கெட்டவர் இல்லை. ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவர், அவளை ஒரு நாளும் மட்டம் தட்டியதில்லை, அதிகம் பாராட்டியதும் இல்லை. “ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டு இந்த வாரப் படத்தோட கொண்டாந்து குடுத்துடுங்க. ஆசிரியர் பிடிவாதமா இருக்கார். கையெழுத்து இல்லேன்னா தொடர்கதைப் பக்கம் வேற ஆளுக்குப் போயிடும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்று ஃபோனில் சொன்னார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் அவளுடையது. கதை எழுதுகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். படத்தின் மூலையில் ‘தில்லை’ என்று சாய்வாக ஒரு பெயர் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு ஒரு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் அது இருக்கும், போடாவிட்டால் இருக்காது. பேனா கைப்பைக்குள் இருந்தது. வண்டி பல்லாவரத்தைத் தாண்டியும் அவள் அதை எடுக்கவில்லை.

தப்பு தப்புதான், அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. மன்னார்குடியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதியிருந்தார். மனுஷன் குருக்களோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. வீட்டில் அடுக்கி வைத்திருந்த இரண்டு வருஷத்து இதழ்களைப் புரட்டிப் பட்டியலே போட்டுவிட்டார். தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது இடது கையால். தாசில்தார் கையெழுத்துப் போடுவது இடது கையால். மாமியார் மருமகளுக்குக் குங்குமம் வைப்பது இடது கையால். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை முழுக்க இடது கையால் பாயசம் குடிக்கிறது. ‘இந்த ஓவியரின் ஊரில் பிறக்கிற அத்தனை பேரும் இடது கைக்காரர்களா என்று அறிய ஆவல்’ என்று முடித்திருந்தாராம். நேற்று கிருபாகரன் அதை ஃபோனில் படித்துக் காட்டியபோது தில்லைநாயகி முதலில் சிரித்துவிட்டாள். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு நின்றது. கத்தரித்து வைத்திருந்த பழைய பக்கங்களை நேற்றுச் சாயங்காலம் கட்டில் நிறையப் பரப்பினாள். மருந்து மொத்தக் கடையிலிருந்து திரும்பிய அவள் கணவர் சபாபதி சட்டையைக்கூடக் கழற்றாமல் காபி டம்ளரோடு நின்று பார்த்தார். “ஆமா தில்லை, எல்லாம் நொட்டாங்கை” என்றார். “இத்தன வருஷமா நீங்களும் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?” “நான் மூஞ்சியத்தான் பாப்பேன். கையெல்லாம் யாரு பாக்கறா?” அதைக் கேட்டதும் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் வந்தது. பத்தொன்பது வருஷம் ஊரே மூஞ்சியைத்தான் பார்த்திருக்கிறது. கையைப் பார்க்க விடாதபடி ஒரு மூஞ்சி வரையத் தெரிந்தவளை அறியாமை என்று எழுத எப்படி மனசு வந்தது? ஆனாலும் ஏன் எல்லாம் இடது கையாகிப் போனது என்று அவளுக்கே விளங்கவில்லை. அவள் வலது கையால் வரைகிறவள், வலது கையால் சாப்பிடுகிறவள். கண்ணில் ஏதாவது கோளாறா, மூளையில் ஏதாவதா, அல்லது அந்தத் தாள் சொல்கிறபடி நிஜமாகவே ஒன்றும் தெரியாதவள்தானா? ஒன்றும் தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாளா? அந்த எண்ணம் வந்ததும் அவள் தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

முறையாக. முறை என்றால் என்ன, வரிசையில் நின்று வாங்குவதா? அப்படிப் பார்த்தால் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுதான் மூக்கு வரையப் படித்தாள். ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நிற்கும்போது எல்லா மூக்கும் பக்கவாட்டில் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இடம் போய்விடும் என்ற பயம். எதிர்வீட்டு மாடிக் கொடியில் புடவை காய்வதைப் பார்த்து மடிப்பு போடப் படித்தாள். ஈரத்தில் மடிப்பு கூராக விழும், காயக் காய வளையும், முழுக்கக் காய்ந்தால் மடிப்பே இருக்காது, வெறும் காற்றுதான். கூட்டம் வரைய ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று படித்தாள். முதுமையை மாமியாரின் கழுத்தில் படித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாள் கண்ணயரும்போது எதிரே உட்கார்ந்து நோட்டில் கிறுக்குவாள், ஒரு நாள் கண்ணை மூடியபடியே மாமியார், “என் கழுத்த ஏண்டி அப்படிப் பாக்கற, பயமா இருக்கு” என்றாள். வெள்ளைக்கு வெள்ளைச் சாயம் பூசக் கூடாது, தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வருஷம் ஆனது. கல்லூரியில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம், கிருபாகரன் ஒரு தரம் சிரித்துக்கொண்டே சொன்னார். இருக்கட்டும். ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதும் மூன்று வருஷம் முட்டி மோதித் தெரிந்துகொண்டதும் ஒன்றாகுமா? அவள் கெடுத்த தாள்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அந்த உயரத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? கல்லூரி வாசலை அவளும் ஒரே ஒரு நாள் மிதித்தவள்தான், ஆனால் அதை இப்போது நினைக்கப் போவதில்லை. மீனம்பாக்கம் வந்தது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள், ஒருத்தி ஏறினாள். அதை நினைக்கப் போவதில்லை என்று மறுபடி சொல்லிக்கொண்டாள்.

பயம் இருக்கத்தான் செய்தது. வீம்பு பேசுகிறவர்களுக்குப் பயம் இல்லையென்று யார் சொன்னது? அந்தப் பக்கம் போய்விட்டால் அடுத்த திங்கட்கிழமை காலை எழுந்து அவள் என்ன செய்வாள்? கதை வரும், இரண்டு தரம் படிப்பாள், மூன்றாவது தரம் படிக்கும்போது ஒரு ஆள் அடுக்களைக்குள் வந்து நிற்பான், அவனுக்கு மீசை உண்டா இல்லையா என்று குழம்பு கொதிக்கக் கொதிக்க யோசிப்பாள். அது இல்லாமல் குழம்பு மட்டும் கொதித்தால்? ஃபைலைத் திறந்து இந்த வாரப் படத்தைப் பார்த்தாள். பார்க்கவே பிடிக்கவில்லை. அக்காளும் தங்கையும் பிரியும் கட்டம். அக்காள் ஊரைவிட்டுப் போகிறாள், தங்கை நடுக்கூடத்தில் நிற்கிறாள். தில்லைநாயகி அக்காளின் கைகளை அவள் முந்தானைக்கு அடியிலேயே ஒளித்துவிட்டாள், தங்கையின் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டாள். நேற்று அந்தக் கடிதத்தைக் கேட்ட பிறகு, எந்தக் கை எந்தப் பக்கம் என்று மூன்று தரம் அழித்து, வரைய வராமல், எல்லாக் கையையும் மறைத்துவிட்டாள். கையில்லாத இரண்டு பொம்பளைகள், பிரியும்போது ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூட வழியில்லாமல். வாழ்க்கையில் முதல் தரமாகப் பயந்துகொண்டு வரைந்த படம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. குருக்களுக்கு இடது கை போட்டதற்கு இவ்வளவு வெட்கப்படவில்லை. அதோடு இன்னொன்றும் உறைத்தது. அந்த மூன்று வரியில் அவள் பெயர் இல்லை. ‘ஒருவரின்’ என்று இருக்கிறது. மூலையில் பத்தொன்பது வருஷம் கிடந்த பெயரைத் தப்பு வந்ததும் பொறுக்கியெடுத்துவிட்டு ஒருவர் ஆக்கிவிட்டார்கள். பெரிய மனசு பண்ணி மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். யார் கேட்டார்கள்? திட்டுவதானால் பெயரைச் சொல்லித் திட்டட்டும். பெயர் சொல்லாமல் திட்டினால் வாங்கிக்கொள்ளவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

எதிரே மீனம்பாக்கத்தில் ஏறிய அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மிக்ஸி ஜார், அடிப்பாகம் கழன்றுவிட்டது போலிருக்கிறது, விழுந்துவிடாமல் வலது கையால் அடியோடு தாங்கிப் பிடித்திருந்தாள். வண்டி பழவந்தாங்கலில் நின்று கிளம்பியது. அந்த அம்மாள் திறந்திருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் விடமாட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. “போட்டோவாம்மா அது?” “இல்லீங்க, படம்.” “யாரு வரஞ்சது?” “நான்தான்.” “அட. எங்க படிச்ச?” மறுபடியும் அதே முள், அதே இடத்தில். “எங்கயும் படிக்கலீங்க” என்றாள் தில்லைநாயகி, வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக. பக்கத்தில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்தாள். அம்மாள் அசரவில்லை. “எம் மருமவ பி.இ. படிச்சிருக்கா. இந்த ஜார மாட்டத் தெரியாம மாட்டி ஒடச்சு வச்சிருக்கா” என்றாள். தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அம்மாளும் சிரித்தாள், இடது கையால் இடுப்பிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து, விரலாலேயே பிரித்து, அவள் பக்கம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. “நொட்டாங்கையால குடுக்கறன்னு நெனச்சுக்காதம்மா. இந்தக் கை வேலையா இருக்குது” என்று ஜாரைத் தாங்கிய கையைத் தாடையால் காட்டினாள். “பரவால்லீங்க” என்று தில்லைநாயகி நாலு கடலையை எடுத்தாள். எடுத்தவள் வாயில் போடவில்லை.

இந்தக் கை வேலையா இருக்குது. பரங்கிமலை வந்தது, போனது. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல்களை மடக்கி, இல்லாத பிரஷ் ஒன்றைப் பிடித்தாள். பிடித்ததும் இடது கை தானாகவே எழுந்து கண்ணுக்கு எதிரே வந்து நின்றது, பழகின நாய்க்குட்டி தட்டுச் சத்தம் கேட்டதும் வருகிற மாதிரி. அடப் பாவி. இதுதானா? பார்த்து வரையக் கூலிக்கு உட்கார ஆளா இருந்தது அவளுக்கு, கல்லூரியில் உட்கார்த்தி வைப்பதுபோல? ஒரு விரல் எப்படி மடங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் அடுக்களையில் அவளுக்குக் கிடைத்த ஒரே கை அவளுடைய கை. அதிலும் வலது கை பிரஷைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா இருந்தது இடதுதான். கொடுப்பதுபோல் நீட்டு என்றால் நீட்டியது, ஊட்டு என்றால் குவிந்தது, கையெழுத்துப் போடு என்றால் பேனாவைப் பிடித்தது. பத்தொன்பது வருஷம் குருக்களாகவும் தாசில்தாராகவும் மாமியாராகவும் நடித்தது இந்த ஒரே கைதான். நினைக்கப் போவதில்லை என்று ஒதுக்கி வைத்த அந்த நாளும் இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பதினெட்டு வயது. விருத்தாசலத்திலிருந்து அப்பாவோடு விடிகாலை பஸ் ஏறி வந்து எழுதிய நுழைவுத் தேர்வு. நடுவில் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள், சுற்றிலும் முப்பது பிள்ளைகள் வரைந்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற தேர்வாளர், “அவரைப் பாரும்மா. உன் கையை ஏன் பார்க்கற?” என்று கேட்டார். அன்றைக்கு அவள் கூனிக் குறுகிப் போனாள். யாரையாவது பார்த்து வரையலாம், அதற்கென்று ஒருவர் அசையாமல் உட்காருவார் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் உட்கார்ந்ததில்லை. தேர்வு முடிவில் அவள் பெயர் இல்லை, அதை அவள் இருபத்தைந்து வருஷம் தன் குற்றமாகவே சுமந்தாள். குற்றமும் இல்லை, கோளாறும் இல்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான். தனியாகப் படித்தவளின் கை இப்படித்தான் இருக்கும். கண்ணில் நீர் முட்டியது. அழுகையில்லை அது, ஆத்திரம், ஆத்திரத்தோடு ஒரு சந்தோஷம். எதிரே அம்மாள், “கடல சொத்தையாம்மா?” என்று கேட்டாள். “இல்லீங்க, நல்லா இருக்கு” என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

கிண்டி தாண்டியதும் பேனாவை எடுத்தாள். அச்சடித்த மூன்று வரியையும் ஒரே கோட்டில் அடித்தாள். பொறு, அவசரப்படாதே, சபாபதி என்ன சொல்வார், “கையெழுத்தப் போட்டுட்டு வந்துடேன் தில்லை, யாருக்குத் தெரியப் போவுது” என்பார், அவருக்கு அப்படித்தான் தோன்றும், அன்புதான் அது, ஆனால் அவளுக்குத் தெரியுமே. திங்கட்கிழமைதோறும் மூலையில் பெயர் போடும்போது தெரியுமே. முறையாகப் பயிலாத ஒருவர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு தில்லை என்று எழுதுவது? பக்கம் போனால் போகட்டும். போகும்போது வலிக்கும், கட்டாயம் வலிக்கும், வெறும் குழம்பு கொதிக்கும். கொதிக்கட்டும். சைதாப்பேட்டையில் வண்டி நிற்கிறபோது எழுத்து நேராக வரும் என்று காத்திருந்து எழுதினாள், மாம்பலத்தில் மீதியை எழுதினாள். ‘சென்ற இதழில் குருக்கள் இடது கையால் விபூதி கொடுப்பதுபோல் வரைந்தது நான். அது தவறு. எனக்கு உட்கார்ந்து காட்ட ஆள் இல்லாததால் என் கையைப் பார்த்தே வரையக் கற்றுக்கொண்டேன். வலது கை வரைந்துகொண்டிருந்தது. சும்மா இருந்தது இடது கைதான்.’ படித்துப் பார்த்தாள். ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. ‘சம்மதிக்கிறேன்’ என்பதை அடித்துவிட்டு, அந்த இடம் போதாமல் மீதித் தாள் முழுக்க, தில்லைநாயகி என்று முழுப் பெயரையும் எழுதினாள். அம்மாள் தலைகீழாக எட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்து நல்லா குண்டு குண்டா இருக்குது” என்றாள். கோடம்பாக்கத்தில் அவள் ஜாரைத் தாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். தில்லைநாயகி சேத்துப்பட்டில் இறங்கி வெயிலில் நடந்தாள்.

கிருபாகரன் தாளை இரண்டு தரம் படித்தார். வலது கையில் பேனாவைப் பிடித்தபடி தன் இடது கையை ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்துக்கொண்டார், அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டார். “இதையெல்லாம் ஆசிரியர் போட மாட்டாரும்மா” என்றார். “போடலேன்னா அந்த மூணு வரியையும் போடக் கூடாது சார். என் பேர் இல்லாம என்னைப் பத்தி எதுவும் வரக் கூடாது.” “பக்கம் போயிடும்.” “போகட்டும்.” அவள் ஃபைலை அவர் பக்கம் தள்ளினாள். கிருபாகரன் ஃபைலைத் திறந்து இந்த வாரப் படத்தை எடுத்தார். முகங்களைப் பார்த்தார். பிறகு வேறெதையோ தேடினார். “கை எங்கம்மா?” என்று கேட்டார். “ஒளிச்சு வச்சிருக்கேன். தப்பு பண்ணிட்டேன்” என்று தில்லைநாயகி படத்தை வாங்கி அவர் மேஜையிலேயே விரித்தாள். எதிர் நாற்காலியில் அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள். பையிலிருந்து பென்சிலையும் அழிப்பானையும் எடுத்து முந்தானையை அழித்தாள், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்ததை அழித்தாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் வெள்ளையாக ஓர் இடம் வந்தது. “சார், பேனாவைக் கீழே வைங்க.” அவர் வைத்தார். “அந்தக் கைதான். வலது கை. போறவங்களைப் பிடிச்சு நிறுத்தற மாதிரி இப்படி நீட்டுங்க. முழங்கையை மேஜைமேல வச்சுக்கலாம்.” கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவர், முப்பது வருஷமாகப் பிறர் கையைத் திருத்துகிறவர், வாய் திறந்தபடி கையை நீட்டினார். அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஆசிரியர் வர்ற நேரம்மா” என்று ஆரம்பித்தார். “நீங்க பேசலாம் சார்” என்றாள் தில்லைநாயகி, அவர் கையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கையை மட்டும் ஆட்டாதீங்க.”